கிரெடென்ஷியல்: நற்சான்றிதழா, தகைமையா?

கனடாவுக்கு விண்ணப்பிக்கும் மருமகன் போன மாதம் வந்து நின்றான். "மாமா, கிரெடென்ஷியல் கேக்காங்க. தமிழில நற்சான்றிதழ் எண்டு போட்டிருக்கு. ஜீஎஸ்ஸிட்டப் போய் எடுத்திட்டன்." கையில் கிராம அலுவலர் கொடுத்த வதிவிட, நற்சான்றிதழ். கேட்டது படிப்புக்கான ஆதாரத்தை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் நாலு வருசம் படித்தவன், நல்ல பிள்ளை என்று ஒரு தாள் வாங்கி வந்திருக்கிறான்!

பிழை அவனுடையதல்ல. புதிய தூதுவர்கள் ஜனாதிபதியிடம் கையளிப்பதை எங்கள் பத்திரிகைகள் 'நற்சான்றுப் பத்திரம்' என்று எழுதுகின்றன. ஆங்கிலத்தில் அதுவும் கிரெடென்ஷியல்தான். யாரோ அகராதியைப் பார்த்து, தூதுவருக்குரிய சொல்லை வேலை தேடுபவனுக்கும் மாட்டிவிட்டார்கள்.

சொல்லின் வேர் இலத்தீன். 'கிரெதெரே' என்றால் நம்புதல். கடைக்காரர் தரும் கிரெடிட்டும் அதே வேரில் வந்ததுதான். 'இவரை நம்பலாம்' என்று அரசன் எழுதித் தூதுவனிடம் கொடுத்துவிட்ட கடிதத்துக்கு வழங்கிய பெயர், பிறகு படிப்புக்கும் பட்டத்துக்கும் வந்தது.

தமிழ் வேறு வழியில் போயிருக்கிறது. 'சாட்சி' வடசொல், நேரில் கண்டவன் என்பது அதன் பொருள். 'சான்று' அப்படியல்ல. 'சால்' என்றால் நிறைதல். சாலச் சிறந்தது என்கிறோமே, அந்தச் சால். சால்பு, சான்றோன், சான்றாண்மை எல்லாம் அதன் கிளைகள். ஆக, நம்புவதும் பார்ப்பதும் அடுத்தவர் வேலை. நிறைவு மட்டும் ஆளுக்குள்ளேயே இருப்பது. இந்த இடத்தில் நம் சொல்தான் எனக்குப் பிடிக்கிறது.

ஆனால் சான்றிதழ் என்றதும் அது தாளாகிவிடுகிறது. தாளுக்குப் பின்னால் உள்ள படிப்புக்கு நம்மிடம் 'தகைமை' இருக்கிறது. தகு என்ற வேர். 'தாளாண்மை என்னும் தகைமை' என்று குறளிலேயே வருகிறது. தமிழ்நாட்டில் 'கல்வித் தகுதி' என்பார்கள், இங்கே இலங்கையில், அரச வர்த்தமானியில் 'கல்வித் தகைமை' என்றே வரும். பட்டத்தின் பெயரும் அப்படித்தான்: அங்கே இளங்கலை, இங்கே கலைமாணி. கடல் தாண்டு முன்னரே தமிழுக்குள் ஒரு மொழிபெயர்ப்புத் தேவைப்படுகிறது, சரி, அது வேறு கதை.

எனவே கிரெடென்ஷியல் என்பதற்குக் 'கல்வித் தகைமை' என்று எழுதலாம். தாளைக் கேட்கும் இடத்தில் 'தகைமைச் சான்றிதழ்' போதும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கல்ஃப் போகிறவர்கள் 'அட்டெஸ்ட்' பண்ணுவது என்பது அத்தாட்சிப்படுத்தல். வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு குத்தும் முத்திரை, கையெழுத்தும் சீலும் மெய்யானவை என்று மட்டுமே சொல்லும், படிப்பை நிறுக்காது. கனடாவின் திறன்சார் குடிவரவுக்குக் கேட்கும் ஈ.சீ.ஏ. என்பது கல்வித் தகைமை மதிப்பீடு. நம் மூன்று வருடப் பொதுப் பட்டமும் நாலு வருடச் சிறப்புப் பட்டமும் அங்கே எதற்குச் சமம் என்று அதுதான் சொல்லும். அந்த அறிக்கை 5 ஆண்டுக்குச் செல்லும். ஆனாலும் அது வேலை செய்வதற்கான அனுமதி அல்ல. தாதியோ பொறியியலாளரோ என்றால், போய்ச் சேரும் மாகாணத்தின் ஒழுங்குபடுத்தும் சபையில் தனியே பதிய வேண்டும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்ப இந்த ஜீஎஸ் பேப்பர?" என்றான் மருமகன்.

"வச்சிரு. பேங்கில கேப்பாங்க."