துப்பாக்கிக்குப் பாலிஷ் போடாதீர்கள், தயவுசெய்து

போன மாதம் கோலார் தங்கவயலிலிருந்து ஒரு தம்பி பெங்களூர் அல்சூரில், பழைய துப்பாக்கிகளுக்கு விலை மதிப்பிடும் என் அறைக்கு வந்தார். பச்சைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல, பழைய வேட்டியில் சுற்றி ஒரு ஏர் ரைஃபிளை, அதாவது காற்றழுத்தத்தால் குண்டை உந்தும் துப்பாக்கியை, கொண்டுவந்திருந்தார். அவருடைய தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டைம்கீப்பர். 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்குப் போனபோது, சீமைக்குக் கிளம்பிய ஒரு துரை தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனதாம். பர்மிங்ஹாமின் பிஎஸ்ஏ என்ற ஆயுதக் கம்பெனி செய்தது. முதல் உலகப் போருக்கு முந்தையது. குழலுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலை இழுத்து ஏற்றும் வகை. துப்பாக்கி வடிவமைப்பாளர் லிங்கன் ஜெஃப்ரீஸ் 1904இல் காப்புரிமை வாங்கி, பிஎஸ்ஏ 1905 முதல் செய்யத் தொடங்கிய வரிசையைச் சேர்ந்தது. போனில் இதையெல்லாம் கேட்டபோதே மனதுக்குள் ஒரு தொகையைப் போட்டு வைத்திருந்தேன்.

வேட்டியை விலக்கியதும் வயிற்றைக் கலக்கியது. துப்பாக்கி கண்ணாடி மாதிரி மின்னியது.

"ரெண்டு வாரம் அலைஞ்சேன் சார். பட்டறையில குடுத்து பஃபிங் சக்கரத்துல பாலிஷ் போட்டு, புதுசா கறுப்பு ஏத்தி, கட்டைக்கு வார்னிஷ் அடிச்சு வாங்கினேன். ஒன்பதாயிரம் ஆச்சு. ஒரிஜினல் கண்டிஷனுக்கே கொண்டு வந்துட்டோம்!"

ஒன்பதாயிரம் செலவழித்து, நான் மனதில் போட்ட தொகையில் பாதிக்கு மேல் அழித்துவிட்டு வந்திருக்கிறார். அதை எப்படிச் சொல்வது? காபி வரவழைத்து, அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்துதான் சொன்னேன். இந்த வருடத்தில் இது நான்காவது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஒரிஜினல் கண்டிஷன் என்றால் புதுசு போல இருப்பது என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. புதுசு போல ஆக்குவது வேறு, முதலில் இருந்தது அப்படியே மிஞ்சியிருப்பது வேறு. தொழிற்சாலையில் அன்றைக்கு ஏற்றிய நீலக்கறுப்பு, அன்றைக்கு வால்நட் மரத்தில் தேய்த்த எண்ணெய், அன்றைக்கு முடுக்கிய திருகாணி, இவற்றில் இன்றைக்கு எவ்வளவு மீதி இருக்கிறது என்பதுதான் கேள்வி. சேகரிப்பாளர்கள் இதைச் சதவீதத்தில்தான் பேசுவார்கள். "எழுபது சதவீதம் ப்ளூ" என்றால் தொழிற்சாலை ஏற்றிய நிறத்தில் எழுபது பங்கு மிச்சம் என்று அர்த்தம். முப்பது சதவீதமே மிஞ்சி, பிடித்த இடமெல்லாம் பழுப்பேறிய துப்பாக்கிக்கும் ஆள் உண்டு. புதிதாக நிறம் ஏற்றியதற்கு இந்தக் கணக்கில் நூறு கிடைக்காது. பூஜ்யம்தான்.

பாட்டியின் கூறைப்புடவை வெளுத்துவிட்டதே என்று புதுச் சாயம் போட்டால் அது புதுப் புடவை ஆகிவிடுமா? பாட்டியின் புடவையாகவும் மிஞ்சாது. அதேதான் இங்கேயும். கட்டையில் தாத்தாவின் கன்னம் பட்டுப் பட்டு நிறம் மாறிய இடத்துக்குச் சேகரிப்பாளர் காசு கொடுப்பார். நீங்கள் அதை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிட்டு வருகிறீர்கள்.

"நல்ல வேலைக்காரர்தான் சார், கண்டுபிடிக்க முடியாது" என்பார்கள். முடியும். நாங்கள் முதலில் பார்ப்பது திருகாணித் தலையை. அழகையெல்லாம் அப்புறம்தான் பார்ப்போம். பொருந்தாத ஸ்க்ரூடிரைவர் ஏறியிருந்தால் பிளவின் ஓரம் சிதைந்திருக்கும். அடுத்தது எழுத்துகள். பிஎஸ்ஏவின் முத்திரை, மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய சின்னம். அதன் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். பஃபிங் சக்கரம் பட்டால் உருகிய சோப்பு மாதிரி மழுங்கிவிடும். துரு தின்ற குழிகளுக்குள்ளும் நிறம் ஒரே சீராக இருந்தால், துருவுக்குப் பிறகு ஏற்றிய நிறம் அது. கடைசியாக, கட்டையும் உலோகமும் சேரும் இடத்தில் விரலை ஓட்டுவேன். புதிதில் மரம் உலோகத்துக்குச் சமமாகவோ ஒரு மயிரிழை மேலாகவோ இருக்கும். தேய்த்த கட்டை தாழ்ந்திருக்கும், விரலே சொல்லிவிடும்.

தம்பியின் துப்பாக்கியில் வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் சக்கரத்தோடு போயிருந்தன. எந்த மாடல், எந்தக் காலம் என்று தேடிப் போக எண்தான் முதல் வழி. தவிர, எண் மழுங்கிய துப்பாக்கியைப் பார்த்தால் வாங்க வந்தவருக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

வேடிக்கை என்னவென்றால், உள்ளே ஸ்பிரிங்கையும் பிஸ்டன் வாஷரையும் மாற்றியதைச் சொல்லத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். அதற்கு அவ்வளவாக விலை குறையாது. தோல் வாஷர் காய்ந்து போகும், ஸ்பிரிங் தளரும். அவை மாற்றுவதற்கென்றே உள்ளவை. கழற்றிய பழைய பாகத்தை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தால் இன்னும் நல்லது. பின்புறக் குறிபார்ப்பான் வேறொன்றாக இருந்தால் மட்டும் விலை நன்றாகவே இறங்கும்.

பழசு என்பதாலேயே விலை வந்துவிடாது. 1959இல் வந்த பிஎஸ்ஏ மீட்டியார் ஏராளமாக விற்றது. சாதாரண நிலையில் இருந்தால் யாரும் பரபரக்க மாட்டார்கள். அதைவிட இளையதான ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் பந்தயத் துப்பாக்கி ஒன்று, சுத்தமாக இருந்தால் அதைத் தாண்டிப் போகும்.

இங்கிலாந்து விலையைப் பவுண்டில் பார்த்து நூறால் பெருக்கிக்கொண்டு வருபவர்களுக்கு இரண்டே வார்த்தை. நீங்கள் பார்த்தது கேட்ட விலை, விற்ற விலை இல்லை. அந்தச் சந்தைக்கு உங்கள் துப்பாக்கி போவதும் எளிதில்லை. நூறு வயது தாண்டியது 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குத் தடை இருக்கிறது. ஆக, இங்கே வாங்க ஆள் இருக்கும் விலைதான் விலை.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரை, அதாவது .177 அங்குலத்தைத் தாண்டினாலோ, குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும். பழைய பிஎஸ்ஏக்களில் 1 என்று குறித்திருந்தால் .177, 2 என்றால் .22, 3 என்றால் .25. உங்கள் பரணில் இருப்பது 2ஆம் எண் என்றால், விலை கேட்க என்னிடம் வருவதற்கு முன்பு ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். "வெறும் ஏர் கன்தானே சார்" என்ற பேச்சு என் அறையில் எடுபடாது. உரிமம் இல்லாமல் அதை வாங்கவோ விற்கவோ நான் துணை போக மாட்டேன்.

சரி, வீட்டில் ஒன்று இருக்கிறது, என்ன செய்யலாம்? உலோகத்தின் வெளிப்புறத்தை மட்டும் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் தொட்ட மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். சிலிண்டருக்குள் எண்ணெய் ஊற்றாதீர்கள், தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. தோல் உறையில் வைக்காதீர்கள். ஈரம் பிடித்துத் துரு ஏறும். விருந்தாளிக்கு வேடிக்கை காட்ட வெறும் சுடு சுடாதீர்கள். குண்டு இல்லாமல் சுட்டால் பிஸ்டன் போய் முட்டும்.

பெட்டி, பில், பழைய குண்டு டப்பா, துப்பாக்கியோடு தாத்தா நிற்கும் போட்டோ, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். அந்தத் தம்பியிடம் அப்படி ஒரு போட்டோ இருந்தது. சுரங்க பங்களா வாசலில் தாத்தாவும் துரையும், நடுவில் துப்பாக்கி. மிஞ்சிய விலையைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தியது அதுதான். ஃபிரேம் போட எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார். ஓரத்தை வெட்டாமல் போடச் சொல்லி அனுப்பினேன்.

எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், இரண்டு பக்கமும், எண்ணும், முத்திரையும், திருகாணிகளும் தெரியும்படி எடுத்து அனுப்புங்கள். படம் எடுப்பதற்காகத் துடைக்க வேண்டாம்.