எடுத்து மறந்த ஸ்னாப்ஷொட்

ஒரு மாதத்தின் 8ஆந் திகதி இரவு, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் காரியாலயத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. 10ஆந் திகதி சம்பளம். செக்ரோல் எனப்படும் தொழிலாளர் வேலை, சம்பளப் பதிவு ஓடும் சேர்வர் நின்றுவிட்டது என்றும், இடம் போதவில்லை, இடத்தை ஒதுக்கிவிட்டு மீண்டும் முயலுங்கள் என்ற பொருளில் திரையில் ஒரு செய்தி நிற்கிறது என்றும், பொத்தானை அழுத்த அழுத்த அதுவே திரும்ப வருகிறது என்றும் அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி சொன்னார். கொழுந்து நிறை, வேலைநாள், முற்பணக் கழிவு என்று அத்தனை தொழிலாளரின் கணக்கும் அதற்குள் இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒரு கோப்பைச் சுட்டிக்காட்டி, “அண்ணே, இது தேவையில்லாத பைல் மாதிரி இருக்கு. 240 ஜிபி பிடிச்சிருக்கு. இத அழிச்சா இடம் வந்திரும்தானே?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே இதை எழுதுகிறேன்.

அந்தக் கோப்பின் பெயரில் 000001 என்ற எண் இருந்தது. ஐந்து மாதங்களுக்கு முன்னர் செக்ரோல் மென்பொருளைப் புதுப்பிக்க வந்தவர், ஏதும் பிழைத்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்று ஒரு ஸ்னாப்ஷொட் எடுத்திருக்கிறார். அது சரியான செயல்தான். புதுப்பித்தல் பிழையின்றி முடிந்தது. அதன் பிறகு அந்த ஸ்னாப்ஷொட்டை நீக்க வேண்டும் என்பது யாருக்கும் நினைவில் இல்லை. “அதுதான் பெக்கப்பா இருக்கட்டும்னு விட்டேன்” என்று தம்பி சொன்னார்.

ஸ்னாப்ஷொட் வட்டிலுள்ள எதையும் பிரதி எடுப்பதில்லை. செக்ரோல் சேர்வர் என்பது ஒரு மெய்நிகர் இயந்திரம், அதாவது ஓர் உண்மையான கணினிக்குள் மென்பொருளால் அமைக்கப்பட்ட தனிக் கணினி. அதை ஓட்டுவது விஎம்வேர் நிறுவனத்தின் ஈஎஸ்எக்ஸ்ஐ என்ற மென்பொருள். அதில் ஸ்னாப்ஷொட் எடுத்த கணத்தில் மெய்நிகர் இயந்திரத்தின் மூல வட்டுக் கோப்பு அப்படியே உறைந்துவிடுகிறது. அதன் பின்னர் எழுதப்படும் ஒவ்வொன்றும் புதிதாக உருவாகும் வேறொரு கோப்பினுள் போகிறது. பழைய பேரேட்டைப் பூட்டி வைத்துவிட்டு, அன்றிலிருந்து வரும் மாற்றங்களை மட்டும் தனியே ஒரு கொப்பியில் எழுதிவருவதற்கு இது ஒப்பானது. இன்றைய கணக்கு வேண்டுமென்றால் பேரேடும் வேண்டும், கொப்பியும் வேண்டும். தம்பி அழிக்க நினைத்தது அந்தக் கொப்பியை. அழித்திருந்தால் ஐந்து மாதத்துச் செக்ரோல் போய், அதற்கு முந்தைய நிலை மட்டுமே மிஞ்சியிருக்கும். மூல வட்டு 300 கிகாபைட். மாற்றக் கோப்பு ஏறத்தாழ அந்த அளவுக்கு வளரக்கூடியது. இந்தக் கோப்புகள் எல்லாம் இருக்கும் சேமிப்பிடமான டேட்டாஸ்டோரில் அதற்கு இடமில்லை என்பதால்தான் இயந்திரம் நின்றது.

அன்றிரவு நாங்கள் எதையும் அழிக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்துக்கும், அதற்கென முன்பதிவு செய்யப்படாத நினைவகத்தின் அளவில் ஸ்வொப் எனப்படும் ஓர் இடமாற்றுக் கோப்பு டேட்டாஸ்டோரில் இருக்கும். இயந்திரத்தை நிறுத்தினால் அது தானாக நீங்கிவிடும். அதே கணினியில் அச்சு வேலைகளுக்காக இருந்த இரண்டாவது மெய்நிகர் இயந்திரத்தை முறையாக நிறுத்தியதில் 8 கிகாபைட் கிடைத்தது. பிறகு மீண்டும் முயலும் பொத்தானை அழுத்தினோம். செக்ரோல் சேர்வர் விட்ட இடத்திலிருந்து எழுந்தது. உடனே தரவுத்தளத்தை மூடி, அதையும் முறையாக நிறுத்தினோம். எல்லாக் கோப்புகளையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தோம். அதற்கே மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. அதன் பின்னரே ஸ்னாப்ஷொட்டை நீக்கும் கட்டளையைக் கொடுத்தேன்.

நீக்குதல் என்ற சொல் பலரைப் பயமுறுத்துகிறது. இங்கே நீக்குதல் என்பது கொப்பியில் உள்ளதைப் பேரேட்டில் பதிந்து சேர்ப்பதாகும். பழைய நிலைக்குத் திரும்புதல் என்ற மற்றக் கட்டளைதான் கொப்பியைத் தூக்கி எறியும். இவ்விரண்டின் வேறுபாட்டைத் திரைக்கு முன்னால் அமர்ந்து, கை நடுங்கும் நேரத்தில் யாரும் முதன்முதலாகக் கற்கக்கூடாது. முன்னேற்றக் கோடு 99 வீதத்தில் வந்து நின்றுவிட்டது. தம்பி நிறுத்திவிடலாமா என்று இரண்டு முறை கேட்டார். வேகம் குறைந்த சுழல் வட்டில் 240 கிகாபைட் இணையும்போது அது அங்கேதான் நிற்கும். கைவைக்காமல் காத்திருக்க வேண்டும். மின்சாரம் போய்விடுமோ என்று ஃபெக்டரியின் ஜெனரேட்டரையும் ஓடவிட்டிருந்தார்கள். 9ஆந் திகதி காலை கொழுந்து மலைக்கு ஆட்கள் போகும் நேரத்தில் வேலை முடிந்தது.

தம்பி அக்காலத்தில் விஎம்வேரின் விசிபி என்ற தொழில்முறைச் சான்றிதழுக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு ஸ்னாப்ஷொட்டை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று கேட்டேன். “72 மணித்தியாலம்” என்று உடனே பதில் வந்தது. சரியான விடை; ஒன்றன்மேல் ஒன்றாக எடுக்கும் ஸ்னாப்ஷொட்டுகளின் சங்கிலியில் அதிகபட்சம் 32 என்பதும், இரண்டு மூன்றுக்கு மேல் போகாதிருப்பதே நல்லது என்பதும்கூட அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் தன் முன்னால் இருந்த 000001 என்ற கோப்புத்தான் அந்த வினாவில் வந்த ஸ்னாப்ஷொட் என்பது அவருக்குத் தெரியவில்லை. இதை அவருடைய குறையாக நான் சொல்லவில்லை. சாதாரண தரத்திலிருந்தே கடந்தகால வினாத்தாள்களைச் செய்து செய்து பரீட்சைக்குப் போனவர்கள் நாம். அந்தப் பழக்கம் டம்ப் எனப்படும் திருட்டு வினாத்தொகுப்புகளுக்கு எளிதாக இட்டுச் செல்கிறது. பிடிபட்டால் சான்றிதழ் இரத்தாகும் என்பது ஒருபுறமிருக்க, ஈஎஸ்எக்ஸ்ஐயை உள்ளடக்கிய விஎஸ்பியர் 8 தொகுப்புக்கு நடந்த பரீட்சையின் 70 வினாக்களில் எதுவும் சம்பளத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வரவில்லை. கட்டணம் 250 அமெரிக்க டொலர், ஏறத்தாழ 75,000 ரூபாய். 2024இல் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்தில் அது 55 நாள் உழைப்பு. அந்தப் பணத்தை அனுப்பும் தாய்மாரை எனக்குத் தெரியும் என்பதால், அதற்கு ஈடான அறிவு பிள்ளைக்குச் சேர வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. 16 கிகாபைட் நினைவகம் கொண்ட பழைய லெப்டொப் ஒன்று போதும். கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் மெய்நிகராக்க வசதியை இயக்குங்கள். சாதாரண கணினியில் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் விஎம்வேர் வேர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம். ஈஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பும் 2024இல் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் திரும்ப வந்தது. வேர்க்ஸ்டேஷனுக்குள் 8 கிகாபைட் கொடுத்து ஈஎஸ்எக்ஸ்ஐயை நிறுவி, அதனுள் சிறிய லினக்ஸ் இயந்திரங்கள் இரண்டை ஏற்றி ஓடவிடுங்கள். டேட்டாஸ்டோரை வேண்டுமென்றே சிறிதாக வையுங்கள். ஒன்றில் ஸ்னாப்ஷொட் எடுத்துவிட்டு, அதனுள் குப்பைத் தரவை எழுதிக்கொண்டே, மறுபக்கத்தில் 000001 கோப்பு வளர்வதைப் பாருங்கள். டேட்டாஸ்டோர் நிரம்பி இயந்திரம் நிற்கும்வரை விடுங்கள். பிறகு நான் மேலே சொன்ன வரிசையில் மீட்டெடுங்கள். இன்னொரு நாள் அந்தக் கோப்பை அழித்தும் பாருங்கள். இழப்பது குப்பைத் தரவுதானே. ஒரு சனிக்கிழமையில் முடிகிற இந்த வேலை, நூறு வினாக்களைவிட அதிகம் கற்றுத்தரும்.

லினக்ஸின் கேவிஎம்மை அடிப்படையாகக் கொண்ட, ஈஎஸ்எக்ஸ்ஐ போன்ற இன்னொரு மென்பொருளான புரொக்ஸ்மொக்ஸிலும் இதே பயிற்சியைச் செய்யலாம். ஆனால் அங்கே சேமிப்பு வகையைப் பொறுத்து மாற்றங்கள் வேறு விதமாகச் சேரும், தனிக் கோப்பாகக் கண்ணில் படாமலும் போகலாம். மைக்ரோசொஃப்டின் ஹைப்பர்-வியில் இதற்குச் செக்பொயின்ட் என்று பெயர். பெயர் எதுவானாலும், அது மூல வட்டை நம்பி நிற்கும் என்பதில் மாற்றமில்லை. எனவே வட்டு போனால் இரண்டும் போகும். மலையகத்தில் வட்டு போவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமின்னல் வந்தால் ஒரே அடியில் யூபிஎஸ், சுவிட்ச், சேர்வர் மூன்றும் கருகிய இடங்களுக்குப் போயிருக்கிறேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஈஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பு, காப்புப் பிரதி மென்பொருள்கள் பயன்படுத்தும் இடைமுகத்தைத் திறந்து தருவதில்லை. சிறிய காரியாலயங்கள் ஸ்னாப்ஷொட்டைக் காப்புப் பிரதி என்று எண்ணிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அந்தத் தோட்டத்தில் இருந்ததும் அந்தப் பதிப்புத்தான். அவ்வாறான இடங்களில் மெய்நிகர் இயந்திரத்தின் உள்ளிருந்தே தரவுத்தளத்தைப் பிரதி எடுத்து வெளியே அனுப்ப வேண்டும், அல்லது காப்புப் பிரதி வசதியை உள்ளடக்கிய புரொக்ஸ்மொக்ஸ் போன்றதற்கு மாற வேண்டும். வெளியே அனுப்பும் பிரதியிலும் ஒன்றாவது வலையமைப்பிலிருந்து கழற்றப்பட்டிருக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் முகில் சேவை கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கப்ப மென்பொருளால் தாக்கப்பட்டபோது, இணைப்பிலிருந்த காப்புப் பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. அந்தக் கழற்றிய பிரதியை அதே கட்டடத்தின் அலுமாரியில் வைப்பதும் போதாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண் சரிந்ததைக் கண்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வேறு ஊரில், வேறு மலையில் ஒரு பிரதி இருக்கட்டும்.

அந்தத் தம்பி அடுத்த மழைக்காலத்துக்குள் சான்றிதழைப் பெற்றுவிட்டார். இப்போது ஒவ்வொரு மாதமும் 11ஆந் திகதி, சம்பளம் கொடுத்து முடிந்த மறுநாள், காப்புப் பிரதியிலிருந்து செக்ரோல் சேர்வரை வேறொரு பெயரில், வலையமைப்புடன் இணைக்காமல் எழுப்புகிறார். அதில் ஏதாவது ஐந்து தொழிலாளரின் கொழுந்து நிறையை எடுத்து, கணக்கப்பிள்ளை கையால் எழுதிய கொப்பியுடன் ஒப்பிட்டுப் பார்த்து, கீழே திகதியிட்டு ஒப்பமிடுகிறார். போன மாதம் ஒருவருடைய நிறை பொருந்தவில்லை என்று என்னை அழைத்தார். தேடிப் பார்த்ததில், பிரதி முந்தைய நாள் இரவே நின்றுபோயிருந்தது தெரியவந்தது. அன்று மாலையே அதைச் சரிசெய்தோம்.