பதினான்காவது விடை

கரண்ட் நின்றிருந்த ஒரு பின்னேரம். விறாந்தைப் படியில் இருந்த மருமகளிடம் ஒரு தாளையும் பேனையையும் நீட்டினேன். "பனையோலையை என்னென்னத்துக்குப் பாவிக்கலாம்? நினைவுக்கு வாறதெல்லாத்தையும் எழுது. பத்து நிமிசம்."

அவள் என் அக்காவின் மகள், பொறியியல் இரண்டாம் ஆண்டு. "உதுக்கு மாக்ஸ் இருக்கோ மாமா?" என்று கேட்டுவிட்டு எழுதத் தொடங்கினாள்.

கூரை, வேலி, பாய், கடகம், பெட்டி, பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி, விசிறி, கூழ் குடிக்கிற பிளா, பானை வைக்கிற திருகணை, ஏடு, தோட்டத்துக்குப் பசளை, மாட்டுத்தீன், அடுப்பெரிக்க. மூன்று நிமிடத்தில் பதின்மூன்று. அதோடு பேனை நின்றுவிட்டது. முற்றத்துப் பனையைப் பார்த்தபடி இருந்தாள். இவ்வளவுதான் என்று நான் நினைத்த நேரத்தில் பதினான்காவது வந்தது.

"ஓலை மடிப்பு மடிப்பா இருக்கிறதாலதானே மாமா, இவ்வளவு மெல்லிசா இருந்தும் காத்துக்கு விறைப்பா நிக்குது? உந்த மடிப்பைப் பாத்து, சுருக்கி விரிக்கிற கூரை ஒண்டு செய்யலாம். வெள்ளம் வந்தா சனம் இருக்கிற இடத்துக்குக் கொண்டு போய் விரிக்கலாம்."

இந்தப் பதினான்காவது விடை எங்கிருந்து வந்தது? அதற்கும் அவளுடைய சோதினைப் புள்ளிகளுக்கும் என்ன உறவு? இதைப் பற்றிப் பல காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உளவியலாளர்கள் அதைவிட நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறார்கள்.

1950இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்த ஜே. பி. கில்ஃபோர்ட், தன் தலைமையுரைக்குப் படைப்பாற்றலைப் பொருளாக எடுத்துக்கொண்டார். உளவியல் இந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை என்பது அவருடைய ஆதங்கம். பின்னாளில் அவர் இரண்டு வகைச் சிந்தனைகளைப் பிரித்துக் காட்டினார். பல தகவல்களிலிருந்து ஒரே சரியான விடையை நோக்கிக் குவிவது ஒன்று. ஒரு கேள்வியிலிருந்து பல திசைகளுக்கு விரிவது மற்றது. விரிசிந்தனையை அளக்க, ஒரு செங்கல்லைக் கொடுத்து "இதை வேறு எதற்கெல்லாம் பாவிக்கலாம்?" என்று கேட்கும் சோதனை பிரபலமானது. நான் செங்கல்லை வைத்துவிட்டுப் பனையோலையை எடுத்தேன், அவ்வளவுதான்.

1966இல் ஈ. பால் டொரன்ஸ் இத்தகைய சோதனைகளைத் தொகுத்து, புள்ளியிடும் முறையையும் வகுத்தார். எத்தனை விடைகள், அவை எத்தனை வகைக்குள் அடங்குகின்றன, எவ்வளவு அரிதானவை, எவ்வளவு விரிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றன என்று பார்க்கிறார்கள். இதில் 'அரிது' என்பது ஊரைப் பொறுத்தது. ஒஸ்லோவில் ஒரு மாணவி "பனையோலையில் பிட்டு அவிக்கலாம்" என்று எழுதினால் அது அபூர்வமான விடை. யாழ்ப்பாணத்தில் நீத்துப்பெட்டிக்கு யார் புள்ளி போடுவார்? அது அம்மம்மாவின் கண்டுபிடிப்பும் அல்ல, அவளுக்கும் முந்திய யாரோ ஒருத்தியின் கண்டுபிடிப்பு.

ஆக, என் மருமகளின் முதல் பதின்மூன்று விடைகளும் நினைவிலிருந்து எடுத்தவை. ஆய்வுகளும் இதைத்தான் காட்டுகின்றன. இத்தகைய சோதனைகளில் முன்னால் வரும் விடைகள் பெரும்பாலும் ஏற்கெனவே அறிந்தவை; நேரம் போகப் போக விடைகள் வரும் வேகம் குறையும், ஆனால் அவற்றின் புதுமை கூடும். 1950களிலேயே கவனித்த இந்தப் போக்கு பின்னர் பலமுறை உறுதியாகியிருக்கிறது. கையில் இருந்த சேமிப்புத் தீர்ந்த பிறகுதான் தேடல் தொடங்குகிறது. மூளையை ஸ்கேன் செய்து பார்த்தவர்கள் கண்டது: நாம் சும்மா பராக்குப் பார்க்கும்போது இயங்கும் வலையமைப்பும், கவனத்தைக் கட்டுப்படுத்தும் வலையமைப்பும் பல வேலைகளில் எதிரெதிராக இயங்குபவை. புதிய யோசனையைத் தேடும் நேரத்தில் இவை இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்று அலைந்து திரிந்து பொறுக்கிக்கொண்டு வருகிறது, மற்றது "இது சரிவராது, இது சரிவரும்" என்று தெரிந்தெடுக்கிறது. அவள் பேனையை வைத்துவிட்டுப் பனையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரண்டு நிமிடத்தை, வெளியிலிருந்து பார்க்கிற எவரும் 'படிக்காமல் இருக்கிறாள்' என்றே சொல்லியிருப்பார்கள்.

இனிப் புள்ளிக் கணக்குக்கு வருவோம். படைப்பாற்றலையும் கல்விப் பெறுபேற்றையும் ஒப்பிட்ட 120 ஆய்வுகளை, 50,000க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளுடன், 2017இல் காஜ்தா, கார்வோவ்ஸ்கி, பெகெட்டோ ஆகிய மூவர் ஒன்றாக்கிப் பார்த்தார்கள். கிடைத்த தொடர்புக் குணகம் 0.22. இரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்கினால் இது 1 ஆக இருக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லையென்றால் 0. 0.22ஐ வர்க்கித்தால் ஏறத்தாழ 0.05 வரும். அதாவது, மாணவர்களுக்கிடையே புள்ளிகளில் தெரியும் வித்தியாசத்தில் சுமார் நூற்றுக்கு ஐந்து பங்குதான் படைப்பாற்றலோடு சேர்ந்து அசைகிறது. "நான் படைப்பாற்றல் உள்ளவன்" என்று மாணவரே தன்னைப் பற்றிச் சொல்வதை எடுத்தால் தொடர்பு இன்னும் மெலிகிறது. சோதனை வைத்து அளந்தால் சற்றுக் கூடுகிறது.

சிறியது, ஆனால் பூச்சியமல்ல. இந்த இரண்டு பாதிக்கும் காரணம் வேண்டும்.

ஏன் பூச்சியமல்ல என்பதை யாழ்ப்பாணத்தில் வைத்து விளக்குவது சுலபம். 1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு பெற்றோலையும் பற்றரியையும் காண்பதே அரிதாயிற்று. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினுக்குள் போதிய அளவு ஆவியாகாது, ஆகவே தீப்பற்றாது. ஆனால் எஞ்சின் சூடேறிவிட்டால் ஆவியாகும். அதனால் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்னில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்டார்கள். சைக்கிள் டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி கேட்பது நேரோட்டம். இடையில் டயோட் வைக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் இல்லாமல் அது பாடியிராது.

தட்டுப்பாடு வந்தால் மூளை தானாக வேலை செய்யும் என்று சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று கைபடத் தெரிந்த மெக்கானிக்கிடம்தான் அந்த யோசனை உதித்தது. பொருளை உள்ளும் புறமும் அறியாதவருக்கு அதைத் திருப்பிப் போடத் தோன்றாது. ஓலை மடிப்பும் அப்படித்தான். ஒரு தாளை ஓரத்தில் பிடித்தால் தொங்கும். அதையே விசிறி மாதிரி மடித்தால் நிமிர்ந்து நிற்கும். மடிக்கும்போது தாளின் பகுதிகள் வளைவு நடக்கும் நடுத்தளத்திலிருந்து மேலும் கீழுமாக விலகிப் போகின்றன. விலகலின் வர்க்கத்துக்கேற்ப விறைப்புக் கூடுகிறது. இதைப் படித்திருந்ததால்தான் அவளுக்கு ஓலை கூரையாகத் தெரிந்தது. அறிவு கூடினால் புள்ளியும் கூடும், யோசனைக்கு மூலப்பொருளும் கூடும். 0.22க்குள் இருக்கும் நல்ல பங்கு இதுதான் என்பது என் எண்ணம்.

அவளிடம் நான் கேட்டேன், "அந்தப் பாடத்தில என்ன ரிசல்ட்?"

"சீ பிளஸ்."

பாரம் தாங்கும் வளையின் (பீமின்) விறைப்பைக் கணிக்கும் கேள்வியில், வளை ஏன் அப்படி நிற்கிறது என்று படம் போட்டு யோசித்ததில் நேரம் போய்விட்டதாம். ஒருத்தியின் கதை சான்றாகாது. ஆனால் தொடர்பு ஏன் மெலிகிறது என்பதை அது காட்டுகிறது. மூன்று மணித்தியாலத் தாள் பெரும்பாலும் குவிசிந்தனையைத்தான் கேட்கிறது: ஒரு விடை, ஒரு வழி, குறித்த நேரம். ஆளுமை ஆய்வுகளிலும் பல்கலைக்கழகப் பெறுபேற்றோடு மிக உறுதியாக ஒட்டி நிற்கும் குணம் ஒழுங்கும் விடாமுயற்சியும் சேர்ந்த பொறுப்புணர்வு. படைப்பாற்றலோடு ஒட்டுவதோ புதியதை நாடும் திறந்த மனம். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருக்கலாம். சேர்ந்திருக்கத்தான் வேண்டும் என்றில்லை.

சிக்காகோவில் கெட்செல்ஸ், ஜாக்சன் என்ற இருவர் 1962இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் என்னை யோசிக்க வைக்கிறது. நுண்ணறிவு ஈவு (ஐ.கியூ.) மிக உயர்ந்த மாணவர்களை ஒரு குழுவாகவும், படைப்பாற்றல் மிக உயர்ந்தவர்களை இன்னொரு குழுவாகவும் எடுத்தார்கள். இரண்டாவது குழுவின் சராசரி நுண்ணறிவு ஈவு 23 புள்ளி குறைவு. ஆனாலும் பாடப் பெறுபேற்றில் இரண்டும் சமம். "எந்தப் பிள்ளை வகுப்பில் இருப்பது பிடிக்கும்?" என்று ஆசிரியர்களிடம் கேட்டபோதுதான் வித்தியாசம் வந்தது. முதல் குழுவைத்தான் அவர்களுக்குப் பிடித்திருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தின் சராசரியே மிக உயர்வு என்பதால், எல்லா இடத்துக்கும் இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அந்த ஆசிரியர்களின் விருப்பம் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

நம் பிள்ளைகள் கம்பஸுக்கு வரும் வழியையும் பாருங்கள். உயர்தரப் பரீட்சையில் இசட் புள்ளி என்பது, ஒருவர் எடுத்த புள்ளி சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை, எல்லாருடைய புள்ளிகளும் எவ்வளவு பரந்திருக்கின்றன என்று காட்டும் நியம விலகலால் வகுத்துச் சொல்வது. மற்றவர்களை எவ்வளவு முந்தினாய் என்பதுதான் அதன் பொருள். முந்துவதற்கு வேகம் வேண்டும். வேகத்துக்குப் பழக்கம் வேண்டும். அதனால் காலையும் மாலையும் ரியூட்டரி, பத்து வருடத்துப் பாஸ்பேப்பர், மாக்கிங் ஸ்கீம். உழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எத்தனையோ வீடுகளை நிமிர்த்தியது அதுதான். ஆனால் ஒரே வகைக் கணக்கை ஓயாமல் செய்வது மனத்துக்கு என்ன செய்யும் என்பதை ஏப்ரகாம் லூச்சின்ஸ் 1942இல் அழகாகக் காட்டினார்.

மூன்று பாத்திரம்: 21, 127, 3 அளவு. 100 அளவு தண்ணீர் வேண்டும். பெரியதை நிரப்பி, அதிலிருந்து முதலாவதை ஒருதரமும் மூன்றாவதை இருதரமும் நிரப்பி ஊற்றிவிட்டால் 100 மிஞ்சும். இதே வழியில் தீர்கிற ஐந்து கணக்குகளைக் கொடுத்தார். அடுத்து 23, 49, 3, வேண்டியது 20. பழகியவர்களில் பெரும்பாலோர் அதே நீள வழியில் போனார்கள். 23இலிருந்து 3ஐ எடுத்தால் 20 என்பது, பழகாதவர்களுக்கு உடனே தெரிந்தது. பிறகு 28, 76, 3, வேண்டியது 25. பழைய வழி இங்கே சரிவராது. பழகியவர்களில் பலர் இதைச் செய்யவே முடியாமல் விட்டார்கள். வெறும் 28 கழித்தல் 3.

என் மருமகளும் 20க்கு நீள வழியில்தான் போனாள். 25இல் முட்டி நின்று, திரும்பிப் பார்த்து, "ஐயோ மாமா" என்று தலையில் கைவைத்தாள். ஆனால் திரும்பிப் பார்த்தாள். லூச்சின்ஸ் சிலரிடம் கணக்குக்கு நடுவில் 'குருடாக இராதே' என்று தாளில் எழுதச் சொன்னார். அந்த ஒரு வரியே பலரைக் குறுக்கு வழியைக் காணச் செய்தது.

இன்னொன்றும் உண்டு. எழுத்தில் ஈடுபாடுள்ள 72 பேரைத் தெரேசா அமபில் 1985இல் கவிதை எழுதச் செய்தார். சிலருக்கு மட்டும் இடையில், பெயர், பணம், வேலை போன்ற எழுதுவதற்கான வெளிக் காரணங்களை வரிசைப்படுத்தும் படிவம் ஒன்றைக் கொடுத்தார். சில நிமிட வேலைதான். அதற்குப் பின் அவர்கள் எழுதிய கவிதைகளைக் கவிஞர்களான நடுவர்கள் படைப்பாற்றல் குறைந்தவை என மதிப்பிட்டார்கள். "உதுக்கு மாக்ஸ் இருக்கோ?" என்ற கேள்வியை நம் பிள்ளைகள் எத்தனை ஆயிரம் தடவை கேட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கம்பஸில் பரீட்சைக்கு முன் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பதைக் 'குப்பி' என்கிறார்கள். குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்த நாளிலிருந்து வந்த சொல் என்பார்கள். அங்கே மாக்கிங் ஸ்கீம் இல்லை. ஒரு உதாரணம் விளங்கவில்லையென்றால் இன்னொன்று, அதுவும் விளங்கவில்லையென்றால் மூன்றாவது என்று தேட வேண்டும். கேட்பவரின் முகமே சோதினைத் தாள்.

ஞாயிறு பின்னேரம் பஸ்ஸுக்குப் போகும்போது அவள் கையில் பையோடு ஒரு குருத்தோலையும் இருந்தது. நுனியை வெட்டி, கடதாசியில் சுற்றியிருந்தாள்.

"ஏன் பிள்ளை உது?"

"செவ்வாய்க்கிழமை ஜூனியர்மாருக்குக் குப்பி, மாமா. வளைப் பாடம்."