அஞ்சு ஃபீடர் மாட்டியும் குருவி வரவில்லையாம்

போன வாரம் அரிசோனா சாண்ட்லரில் நம் தமிழர் ஒருவர் வீட்டுக்குத் தோட்ட வேலை பார்க்கப் போயிருந்தேன். "குருவிக்குத் தீனி வைக்கிற ஃபீடர் அஞ்சு மாட்டிட்டோங்க, புறாவைத் தவிர ஒண்ணும் எட்டிப் பார்க்கல" என்று ஆரம்பித்தார்.

கொல்லைக் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை சரளைக்கல், அதற்கடியில் பிளாஸ்டிக் ஷீட், ஓரமாகச் செயற்கைப் புல். நடுவில் ஒரே ஒரு பாலோ வெர்டே மரம், பந்துபோல உருட்டி வெட்டப்பட்டிருந்தது. கீழே கிடந்த முள்கிளைகளுக்கு நடுவே தேங்காய் அளவில் ஒரு முள் உருண்டை. பக்கவாட்டில் சின்னதாக ஒரு வாசல், உள்ளே இறகு மெத்தை, அதில் ஒட்டியபடி புள்ளி போட்ட நீலப்பச்சை ஓடு. வெர்டின் கூடு. மஞ்சள் தலையும் சாம்பல் உடம்புமாக, கைக்குள் அடங்கிவிடும் குருவி அது.

"வரவில்லை என்கிறீர்களே, வந்து குடியிருந்ததைத்தான் வெட்டிப் போட்டிருக்கிறீர்கள்" என்றேன். கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன். இந்த வசந்தத்தில் நான் பார்க்கும் நான்காவது கூடு இது.

எனக்கு எரிச்சல் வருவது ஒரே ஒரு நினைப்பால்தான்: "பாலைவனம்னா கல்லும் கள்ளியும்தானே?" இல்லை. நம் ஊர் இருக்கும் சொனோரா பாலைவனத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம் உண்டு. குளிர்காலத்தில் ஒன்று, கோடையில் மான்சூன் ஒன்று. இரண்டும் சேர்ந்தாலும் பக்கத்து ஃபீனிக்ஸில் சராசரியாக ஏழெட்டு அங்குலம்தான். ஆனால் அந்த மழைக்கே மரம், புதர், கொடி, காட்டுப்பூ எல்லாம் வளரும் மண் இது. ஊருக்கு வெளியே ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள், வெறும் சரளைக்கல் விரித்த ஏக்கர் ஒன்று கண்ணில் படுகிறதா என்று. 'ஜெரிஸ்கேப்' என்ற சொல்லை 1981-இல் டென்வரில் உருவாக்கினார்கள். தண்ணீரைச் சிக்கனமாக வைத்துத் தோட்டம் போடுவதுதான் அதன் பொருள். நம் ஆட்கள் அதை 'ஜீரோஸ்கேப்' ஆக்கி, தோட்டத்தையே ஜீரோ ஆக்கிவிட்டார்கள். 2023-இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் அடித்தது. அந்த வெயிலில் கல் தரையும் மொட்டை மரமும் குருவிக்கு அடுப்புதான்.

சரி, என்ன வைப்பது? மெஸ்கீட் மரம் என்று சொன்னால் நம்மவர்கள் பதறுகிறார்கள். "சீமைக்கருவேலத்தையா வைக்கச் சொல்றீங்க?" பதற்றம் நியாயம்தான், சொந்தக்காரன்தான். ஆனால் ராமநாதபுரத்தில் அவன் வந்தேறி. இங்கே வெல்வெட் மெஸ்கீட் மண்ணின் மைந்தன். அதன் நிழலில் சுப்பாரோசா, ஃபேரி டஸ்டர், வுல்ஃப்பெர்ரி என்ற புதர்களை நடுங்கள். முதல் இரண்டின் சிவப்புப் பூவுக்கு ஹம்மிங்பேர்ட் வரும். வுல்ஃப்பெர்ரிப் பழத்துக்கு மற்றவை வரும். சருகைப் பெருக்காமல் விடுங்கள், காடையும் டவ்ஹீ என்ற குருவியும் அதைக் கிளறித்தான் சாப்பிடும். ஷீட்டைக் கிழித்தெறியுங்கள். சொட்டுநீர்க் குழாயைத் தண்டின் அடியில் வைக்காமல், கிளை விரியும் எல்லையில் வையுங்கள். இல்லாவிட்டால் வேர் பரவாது, மான்சூன் காற்றில் மரம் சாய்ந்து என்னைத்தான் கூப்பிடுவீர்கள். சகுவாரோ என்ற பெருங்கள்ளியின் கன்று வாங்கி வைத்துவிட்டு மரங்கொத்தி எப்போது பொந்து போடும் என்று கேட்கவும் கேட்காதீர்கள். காட்டில் அது முதல் பத்து ஆண்டில் ஒன்றரை அங்குலம் வளர்ந்தாலே பெரிது.

அப்புறம் தேள் மருந்து. மாதாமாதம் ஆள் வைத்து அடிக்கிறீர்கள். தேள் லேசில் சாவதில்லை, புழுவும் சிலந்தியும்தான் சாகின்றன. விதை தின்னும் குருவிகளிலும் பல, குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்டும். புறாவுக்கு அந்தக் கவலை இல்லை, தொண்டைப் பையில் சுரக்கும் பாலிலேயே குஞ்சை வளர்த்துவிடும். அவர் வீட்டில் புறா மட்டும் வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பிள்ளைகள் விளையாடும் வீடு, தேள் பயம் புரிகிறது. கதவிடுக்கை அடைத்துவிடுங்கள். ராத்திரி புற ஊதா விளக்கடித்துப் பாருங்கள், தேள் பச்சையாக மின்னும், இடுக்கியால் எடுத்துவிடலாம்.

தண்ணீர்த் தட்டு ஓரிரு அங்குல ஆழம் போதும், நிழலில் வையுங்கள். தினமும் கொட்டி மாற்றுங்கள், கொசு வளர்க்காதீர்கள். ஹம்மிங்பேர்ட் ஃபீடருக்கு ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர். தேன் வேண்டாம், வெல்லம் வேண்டாம், சிவப்புச் சாயம் வேண்டவே வேண்டாம். கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாளாவது கழுவி ஊற்ற முடியாதென்றால் தொங்கவிடவே விடாதீர்கள்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட்வரை மரத்தில் ட்ரிம்மர் வைக்காதீர்கள். முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைக் கலைப்பது 1918-இலிருந்தே இந்த நாட்டில் சட்டப்படி குற்றம். குஞ்சு பறந்துவிட்டது, காலிக் கூடுதானே என்றும் பிய்க்காதீர்கள். வெர்டின் குளிர்காலத்திலும் கூட்டுக்குள்தான் படுக்கும்.

கிளம்பும்போது அந்த வீட்டம்மா கூட்டைக் கையில் எடுத்து, "இதைத் திரும்ப மரத்துல கட்டிவிட்டா வருமாங்க?" என்று கேட்டார். வராது என்றேன். முகம் வாடிவிட்டது. மரத்தை அப்படியே விட்டால் அது வேறு கூடு கட்டிக்கொள்ளும், அக்டோபரில் வெயில் தணிந்ததும் புதர் நடக் குழி தோண்ட வருகிறேன், அதுவரை ட்ரிம்மர்க்காரரை வரவேண்டாம் என்று இன்றைக்கே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள் என்றேன். நான் வண்டியை எடுப்பதற்குள் போன் பண்ணிவிட்டார்.