வீட்டுப் பயிற்சிக்கு ஏர் கன்: துப்பாக்கியைப் பார்க்கும் முன் சுவரைப் பாருங்கள்

மாவட்ட ரைபிள் கிளப் ஒன்றில் பத்து மீட்டர் பிரிவுக்கு, அதாவது பத்து மீட்டர் தள்ளியிருக்கும் காகித இலக்கைக் காற்றழுத்தத் துப்பாக்கியால் சுடும் போட்டிக்கு, பயிற்சி கொடுக்கிறேன். பிள்ளையைச் சேர்த்துவிட்டுச் சில வாரம் ஆனதும் பெற்றோர் தயங்கித் தயங்கி வந்து கேட்பார்கள்: "சார், வீட்டுக்கே ஒரு ஏர் கன் வாங்கிக் கொடுத்துவிட்டால் என்ன?" தாராளமாக வாங்கலாம். கிளப்பில் கிடைக்கும் நேரம் எந்தப் பிள்ளைக்கும் போதாது. ஆனால் அதே பெற்றோர் கடைக்குப் போனதும், "இது எவ்வளவு தூரம் போகும்? ஃபோர்ஸ் எப்படி?" என்றுதான் விசாரிக்கிறார்கள். கடைக்காரரும் இருப்பதிலேயே வேகமானதை எடுத்து வைக்கிறார். தப்பு அங்கேதான் தொடங்குகிறது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றாரே, அந்தப் பத்து மீட்டர் பிரிவில் பயன்படும் ரைபிள்களில் பெல்லட் நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் போகும். அரை கிராமுக்குச் சற்று அதிகமான ஈயத் துண்டு, ஏழெட்டு ஜூல் ஆற்றல், அவ்வளவுதான். இந்தியாவில் 4.5 மி.மீ. குழல் விட்டமும் 20 ஜூல் ஆற்றலும் தாண்டாத ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. அந்த வரம்பை ஒட்டித்தான் கடைகளில் பல மாடல்கள் நிற்கின்றன. அதாவது, உரிமம் இல்லாமல் நீங்கள் வாங்கி வரும் பெட்டிக்குள் இருப்பது, ஒலிம்பிக் வீரர் பிடிப்பதைப்போல் இரண்டு மடங்கு வலு கொண்டதாக இருக்கலாம். அந்தக் கூடுதல் வலு காகிதத்தைக் குத்த உதவாது. உதைப்பைக் கூட்டும், சத்தத்தைக் கூட்டும், குறி தவறினால் சேதத்தையும் கூட்டும். பத்து மீட்டர் ஏர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பொட்டு. அதைத் தொடுவதற்கு வேண்டியது நிதானம்.

நம் ஊரில் பெரும்பாலானோர் முதன்முதலில் ஏர் கன்னைத் தொட்டது மெரினாவிலோ திருவிழாவிலோ பலூன் சுடும் கடையில். ஆணியில் தொங்கும் பலூன், காசு கொடுத்தால் கையில் ஒரு துப்பாக்கி. அதனால் இது விளையாட்டுப் பொருள் என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்துவிட்டது. குறைந்த வலுவுள்ள பெல்லட்கூட கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். நெற்றிப் பொட்டில் கிட்டத்திலிருந்து பட்டால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, உயிரே போகலாம். திறந்த வெளியில் தவறிய பெல்லட் சில நூறு மீட்டர் பறக்கும். சுடுகிறவர் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிறவரும் பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். தினமும் போடும் பவர் கண்ணாடி அதற்கு ஈடாகாது.

சரி, துப்பாக்கிக்கு முன்னால் இடத்தைப் பார்ப்போம்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மொட்டை மாடி. நான் முதலில் வேண்டாம் என்பதும் அதைத்தான். கைப்பிடிச் சுவர் மூன்றடிதான் இருக்கும். இலக்கின் மையமோ போட்டி விதிப்படி தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரம். அப்படியானால் இலக்குக்குப் பின்னால் இருப்பது சுவர் இல்லை, பக்கத்து வீட்டு மாடி. அங்கே வடகம் காயும், துணி காயும், அதை எடுக்க யாராவது வருவார்கள். ஒரு மாணவன் வீட்டில் தவறிய பெல்லட், பக்கத்து வீட்டு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில் பட்டு, கம்பி மாதிரி தண்ணீர் பீய்ச்சியது. தொட்டியோடு போனதே என்று இரண்டு குடும்பமும் சமாதானமாகிவிட்டார்கள்.

மாடியைவிட வீட்டின் உள்ளே மேல், ஆனால் அங்கே வேறொரு சிக்கல். பழைய வீடுகளில் தலைவாசலில் நின்றால் கொல்லைக் கதவு தெரியும். அளந்து பார்த்தால் பத்து மீட்டர் அழகாகக் கிடைக்கும். அந்த நேர்க்கோட்டில்தான் படுக்கையறை, சமையலறை, குளியலறைக் கதவுகள் எல்லாம் வந்து திறக்கின்றன. பாட்டி எழுந்து தண்ணீர் குடிக்க வருவதற்கு உங்களிடம் அனுமதி கேட்கமாட்டார். நான் சொல்லும் விதி ஒன்றுதான்: சுடுகிறவருக்கும் இலக்குக்கும் நடுவே திறக்கும் ஒவ்வொரு கதவும் சுடுகிறவர் பக்கமிருந்து தாழிட்டிருக்க வேண்டும். ஒன்றைக்கூடத் தாழிட முடியவில்லையா, அந்த இடம் வேண்டாம்.

பெல்லட் பிடிக்கும் பெட்டியைக் கடையில் வாங்கலாம். உள்ளே சாய்வாக வைத்த இரும்புத் தகடு பெல்லட்டைக் கீழ்நோக்கித் தள்ளிவிடும். நீங்களே செய்வதென்றால், பதினைந்து கிலோ எண்ணெய் டின் ஒன்றின் முன்பக்கத்தை வெட்டியெடுத்து, உள்ளே பின்பக்கம் கனமான இரும்புத் தகடு நிறுத்தி, பழைய துணியை இறுக்கமாகத் திணியுங்கள். தளர்வாக இருந்தால் பிடிக்காது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுடும்போது துணி விலகிச் சுரங்கம் மாதிரி வழி விழும், கடைசியில் பெல்லட் தகட்டில் நேராக மோதித் திரும்பிவரும். வாரம் ஒருமுறை துணியைப் புரட்டித் திணிக்க வேண்டும். டின்னுக்குப் பின்னால், அதைவிடப் பல மடங்கு பெரிதாக ஒரு தடித்த ப்ளைவுட் பலகை. அதன் முன்னால் ஒரு ஜமுக்காளத்தைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். புதிதாகப் பழகும் பிள்ளை பெட்டியையே தவறவிடும், அதுதான் இயல்பு. வெறும் செங்கல் சுவரும் கிரானைட்டும் பெல்லட்டைத் திருப்பி அனுப்பும். பெல்லட்டுக்குப் பதிலாகச் சில துப்பாக்கிகளில் போடும் எஃகு உருண்டைகள் இன்னும் மோசமாகத் திரும்பி வரும் என்பதால் அவை வீட்டுப் பக்கமே வரக் கூடாது.

பத்து மீட்டர் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். ஐந்து மீட்டர்தான் இருக்கிறது என்றால் இலக்கைப் பாதி அளவுக்கு அச்சடித்துக்கொள்ளுங்கள். ரைபிள் இலக்கின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ.; ஐந்து மீட்டரில் 15 மி.மீ. சொச்சம் வைத்தால் கண்ணுக்கு அதே காட்சிதான். பெல்லட் துளை மட்டும் 4.5 மில்லிமீட்டராகவே இருக்கும், அதனால் புள்ளி எண்ணிக்கை பொருந்தாது. எண்ணவே வேண்டாம். துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று மட்டும் பாருங்கள்.

இப்போது துப்பாக்கி. வீட்டுக்கு முதல் ஏர் கன் என்றால் பெரும்பாலும் குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் வகைதான். பிரிசிஹோல் போன்ற இந்திய நிறுவனங்களின் தயாரிப்புகள் எளிதாகக் கிடைக்கின்றன. ஒரே வரிசையில் இரண்டு மாடல் இருந்தால் வலு குறைந்ததையே எடுங்கள், மடக்கவும் சுலபம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை முப்பது முறை மடக்கியதும் கை நடுங்கினால், அதற்குப் பிறகு நடப்பது பயிற்சியே அல்ல. கடையிலேயே மடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டையின் (துப்பாக்கியைத் தோளில் தாங்கும் பின்பகுதி) அடிப்பகுதியைத் தோளில் வைத்தால் கழுத்தை நீட்டாமல் கன்னம் தானாகக் கட்டையில் படிய வேண்டும். பெரியவர்களுக்கான கட்டையைச் சிறுவனிடம் கொடுத்தால் உடம்பைப் பின்னால் வளைத்துத் தாங்கப் பழகிவிடுவான். பிறகு அதைத் திருத்த எங்களுக்குத்தான் நேரம் பிடிக்கும்.

மடக்கு வகையில் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தில் சொல்லியும் யாரும் படிக்காத ஒன்று உண்டு. குழலை மடக்கிப் பெல்லட்டை வைக்கும் நேரத்தில் விசை (ட்ரிகர்) தவறி விடுபட்டால், குழல் பாய்ந்து மேலே ஏறும். விரல் அங்கே இருந்தால் நசுங்கும், துண்டாகவும் செய்யலாம். பெல்லட் வைத்து முடிக்கும்வரை ஒரு கை குழலை இறுகப் பிடித்திருக்க வேண்டும், இன்னொரு கை விசைப் பக்கம் போகவே கூடாது. அப்புறம் எண்ணெய். தையல் மெஷின் ஆயிலையோ தேங்காய் எண்ணெயையோ குழலுக்குள் விட்டால் வழுவழுவென்று வேலை செய்யும் என்று ஒரு கைவைத்தியம் உலவுகிறது. சுடும்போது ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் அழுத்துவதால் காற்று சூடேறி அந்த எண்ணெய் பற்றிக்கொள்ளும். ‘டமார்’ என்று சத்தம், புகை, கட்டுப்பாடில்லாத வேகம், காற்று கசியாமல் தடுக்கும் சீலும் கெட்டுப்போகும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டாலும் ஸ்பிரிங் வகைக்குக் கேடுதான்.

கார்பன் டை ஆக்சைடு குப்பி போட்டுச் சுடும் கைத்துப்பாக்கிகள் பார்க்க அச்சு அசல் போலீஸ் துப்பாக்கி மாதிரியே இருக்கும். பையன்களுக்கு அதன்மேல்தான் கண். நம் வெயிலுக்கு அது ஒத்துவராது. 31 டிகிரியைத் தாண்டினால் குப்பிக்குள் இருப்பது திரவமாகவே நிற்காது, அழுத்தம் ஏறிவிடும். அடுத்தடுத்து வேகமாகச் சுட்டால் குளிர்ந்து அழுத்தம் இறங்கும். ஒரு குண்டு மேலே, ஒரு குண்டு கீழே. தவறு கையிலா குப்பியிலா என்று தெரியாமல் எப்படித் திருத்துவது? தெருவில் யாராவது பார்த்து மிரண்டால் வரும் தொல்லை தனி.

ஸ்கோப், அதாவது துப்பாக்கி மேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கி, வேண்டவே வேண்டாம். பத்து மீட்டர் போட்டிகளில் அதற்கு இடமில்லை. ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னும் உதைப்பதால் சாதாரண ஸ்கோப் சீக்கிரமே கழன்றும்விடும். நம் நாட்டுப் போட்டிகளில் புதியவர்களுக்கென்றே ஓபன் சைட் (பின்னால் பள்ளம், முன்னால் முனை வைத்துக் குறிபார்ப்பது) பிரிவு இருக்கிறது. அதில் தொடங்கி, பிடிப்பு நிலைத்த பிறகு, சிறு துளை வழியாகக் குறிபார்க்கும் பீப் சைட்டுக்குப் போகலாம்.

பெல்லட் தட்டைத் தலையுள்ளதாக இருக்கட்டும். காகிதத்தில் வட்டமாக வெட்டியது போலத் துளை விழும். கூர்முனைப் பெல்லட்டுக்கு வீட்டில் வேலை இல்லை. எல்லாமே ஈயம் என்பதை மறக்க வேண்டாம். கைக்கு எளிதாக எடுக்கலாம் என்று பெல்லட்டை வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கத்தைப் பெரியவர்களிடமே பார்த்திருக்கிறேன். சுடும் இடத்தில் தின்பதும் குடிப்பதும் கூடாது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இலக்குப் பக்கம் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி பறக்கும், ஈரத் துணியால் துடையுங்கள். கர்ப்பிணியோ தவழும் குழந்தையோ இருக்கும் வீடானால் இந்தத் திட்டத்தையே சில வருடம் தள்ளிப்போடச் சொல்வேன்.

அடையாளச் சான்று காட்டி, பெரியவர் பெயரில் பில் போட்டு வாங்குங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். துப்பாக்கி ஒரு பூட்டில், பெல்லட் இன்னொரு பூட்டில், சாவி பெரியவரிடம். கிளப்பில் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு நூல் செருகி வைப்போம். அது தெரிந்தால் உள்ளே ஒன்றுமில்லை என்று பொருள். வீட்டிலும் அதே வழக்கம் இருக்கட்டும். கிளப்புக்கு எடுத்து வரும்போது பைக்கில் தோளில் மாட்டிக்கொண்டு வராமல் உறையில் போட்டு வாருங்கள். கிளி, கொக்கு என்று மரத்தைப் பார்த்துக் குறிவைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். அருணாசலப் பிரதேசத்தில் பறவைகள் அருகிப்போவதைப் பார்த்து 2021இல் அரசே ஏர் கன் ஒப்படைப்பு இயக்கம் தொடங்கி, மக்கள் தாங்களாகவே துப்பாக்கிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நம் பக்கமும் தோப்புகளில் நடப்பது யாருக்கும் தெரியாததல்ல.

பிள்ளை மாநிலப் போட்டி அளவுக்கு வந்ததும் அழுத்தக் காற்று உருளை பொருத்திய ரைபிள் பற்றிப் பேச்சு வரும். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஸ்டெயர் என்று எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, விலை லட்சங்களில். அவற்றில் உதைப்பு அநேகமாக இல்லை, பெல்லட் இல்லாமல் விசையை மட்டும் இழுத்துப் பழகும் வசதியும் உண்டு. வீட்டுப் பயிற்சியில் பாதிக்கு மேல் அப்படி வெறும் விசைப் பயிற்சியாக இருந்தால் எனக்குச் சந்தோஷம். சத்தமில்லை, ஈயமில்லை. பழையது வாங்குகிறவர்கள் உருளையின் மேல் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பத்து வருடம் கடந்த உருளை போட்டியில் செல்லாது, 200 பார் (வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ இருநூறு மடங்கு) அழுத்தத்தைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள அது ஏற்றதும் அல்ல. காற்று நிரப்ப கிளப்புக்கு வாருங்கள், இல்லையென்றால் கை பம்ப் போதும். வெல்டிங் கடை ஆக்சிஜனை மட்டும் நிரப்பக் கூடாது. உள்ளே துளி எண்ணெய்ப் பசை இருந்தாலும் வெடிக்கும்.