சிவப்பு விளக்கு எரிகிறதென்று கையில் கிடைத்ததை ஊற்றாதீர்கள்

தை முகூர்த்தங்கள் முடிந்தால் எங்கள் பட்டறை வாசலில் பழைய வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். கோவை, திருப்பூர்ப் பக்கம் கல்யாணத்துக்கு அம்பாசடரையோ காண்டெசாவையோ ஜோடித்து ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆண்டு முழுவதும் ஷெட்டில் கிடக்கும் வண்டிக்குப் பூச்சரம் கட்ட நேரம் இருக்கிறது. பிரேக்கைப் பார்க்கத்தான் யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

இந்த முறை ஒரு காண்டெசா, நான்கு சக்கரமும் இறுகிப்போய் லாரியில் ஏறி வந்தது. டேஷ்போர்டில் பிரேக் விளக்கு எரிந்திருக்கிறது. பிரேக் எண்ணெய் குறைந்திருப்பதைப் பார்த்த டிரைவர், டிக்கியில் மீதமிருந்த இன்ஜின் ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டார். விளக்கு அணைந்தது, எல்லோருக்கும் நிம்மதி. பெடலை மிதித்தால் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறந்தேன். உள்ளிருந்த ரப்பர், எண்ணெயில் போட்ட அப்பளம்போல் ஊதி நெளிந்திருந்தது. கழற்றியதைத் திரும்ப மாட்டப் பார்த்தால் மூடிக்குள் அடங்கவே இல்லை.

“எல்லாம் எண்ணெய்தானுங்களே?” என்கிறார் உரிமையாளர். இல்லை ஐயா, இல்லவே இல்லை. பிரேக் ஆயில் பெட்ரோலிய எண்ணெயே அல்ல. பெரும்பாலான வண்டிகளில் இருப்பது கிளைக்கால் எனும், தண்ணீரோடு கலக்கும் ரசாயன வகை. உள்ளே இருக்கும் ரப்பர்கள் அதற்காகவே செய்யப்பட்டவை. இன்ஜின் ஆயில், கியர் ஆயில், ஸ்டீரிங் ஆயில், கிரீஸ் எது பட்டாலும் அவை ஊதிவிடும். ஐயமிருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, வண்டியின் பிரேக் ஆயில் டப்பாவிலிருந்து நாலு சொட்டு விட்டுப் பாருங்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். மற்றது மேலே மிதக்கும். மிதந்தால் வண்டியை நகர்த்தாதீர்கள். “கொஞ்சம்தான் ஊற்றினேன்” என்பதெல்லாம் கணக்கில் வராது. மாஸ்டர் சிலிண்டருக்கும் சக்கரத்திலுள்ள வீல் சிலிண்டருக்கும் ரப்பர் கிட், டிஸ்க் பிரேக்கின் காலிப்பர் ரப்பர், சக்கரத்துக்கு எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றி, இரும்புக் குழாய்களை ஸ்பிரிட் விட்டுக் கழுவ வேண்டும். பழைய வண்டிக்கு இந்தக் கிட்டுகளைத் தேடி அலைவது தனிக்கதை.

சரி, எண்ணெய் ஏன் குறைந்தது? இதை யாருமே கேட்பதில்லை. பிரேக் ஆயில் எரிந்து தீர்வதில்லை. எங்கோ கசிய வேண்டும், அல்லது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட் தேய வேண்டும். முன்பக்கம் டிஸ்க் உள்ள வண்டியில் பிரேக் விடாமல் உரசினால் பேட் வேகமாகத் தேயும். தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் வெளியே நகரும், அந்த இடத்தை எண்ணெய் நிரப்பும், டப்பாவில் மட்டம் இறங்கும், விளக்கு எரியும். இந்தக் காண்டெசாவிலும் அதுதான் நடந்தது. முன் இடப்பக்க பேட்டில் இரும்புத் தகடு மட்டுமே மிச்சம். நான்கு சக்கரத்திலும், உள்ளிருந்து ஷூ விரிந்து பிடிக்கும் டிரம் பிரேக் உள்ள வண்டி என்றால் தேய்மானத்தால் மட்டம் இவ்வளவு இறங்காது, கசிவைத் தேடுங்கள். வீல் சிலிண்டரின் தூசி ரப்பரை விலக்கிப் பார்த்தாலே ஈரம் தெரியும்.

பல்பைக் கழற்றுகிறவர்கள், வயரைத் துண்டிக்கிறவர்கள் வேறு இருக்கிறார்கள். ஹேண்ட் பிரேக் லீவர் முழுதாகக் கீழே இறங்காவிட்டாலும் அதே விளக்குதான் எரியும், பின்சக்கரமும் உரசும். கேபிளுக்குச் செய்ய வேண்டிய வேலையை வயருக்குச் செய்து என்ன பயன்?

“பிரேக் கெட்டியாகப் பிடிக்கிறது, நல்லதுதானே?” என்று மகிழ்கிறவர்களுக்கு: ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக் உரசினால் வண்டி ஏறத் திணறும். நீங்கள் கார்புரேட்டரைத் திட்டுவீர்கள். இறங்கும்போதோ, ஏற்கெனவே சூடான டிரம் மேலும் காயும். புதிய டாட் 3 தரப் பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். கொதித்து ஆவியானால் பெடல் மிதித்த மிதிக்குத் தரைவரை போகும்.

எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள்; தொடாதீர்கள். நான்கும் சூடென்றால் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் பாருங்கள்: பெடலில் விளையாட்டு, அதாவது மிதிக்கத் தொடங்கும்போது இருக்க வேண்டிய சிறு தளர்வு, இல்லாதிருக்கலாம், அல்லது எண்ணெய் திரும்பும் சிறு துளை அடைத்திருக்கலாம். பின்சக்கரம் இரண்டும் மட்டும் என்றால் முதலில் ஹேண்ட் பிரேக் கேபிள். ஒரே சக்கரம் என்றால், வண்டி ஓடாதபடி கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, பிடித்த நிலையிலேயே ப்ளீடிங் நிப்பிளை, அதாவது எண்ணெயில் சிக்கிய காற்றை வெளியேற்றும் சிறு திருகை, திறக்க வேண்டும். சக்கரம் விட்டுவிட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது, பெரும்பாலும் ஹோஸ். பழைய ஹோஸ் வெளியே புதிதுபோல் மினுமினுக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். எண்ணெய் போகும், திரும்பாது. நிப்பிளைத் திறந்தும் சுழலவில்லையா? பிஸ்டன் துருப்பிடித்திருக்கும், அல்லது ஷூ சிக்கியிருக்கும். நிப்பிளைத் திறந்தவர்கள் காற்றெடுக்காமல் வண்டியைச் சாலைக்கு எடுத்துவிடாதீர்கள்.

சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விழும். மாதக்கணக்கில் நிறுத்துகிற வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். மூடி திறந்து மாதக்கணக்கில் கிடந்த பிரேக் ஆயில் டப்பாவை ஒதுக்கிவிட்டுச் சிறிய புது டப்பா வாங்குங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழு எண்ணெயையும் மாற்றுங்கள். கல்யாணத்துக்கு வண்டி கேட்டு வருகிறவர்களிடம் தேதி வாங்கும்போதே, அதற்கு இரண்டு வாரம் முன்பு பட்டறைக்கும் ஒரு தேதி சொல்லிவிடுங்கள். முதல்நாள் இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டால் ஹோஸ் வாங்கக் கடை திறந்திருக்காது.