மருந்தகச் சுவரில் தொங்கும் சான்றிதழ்

கடந்த பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, வவுனியா மாவட்டத்தின் நெடுங்கேணிப் பக்கமிருந்து ஓர் ஐயாவை அவருடைய மகள் நான் மருந்தாளராகப் பணிபுரியும் வைத்தியசாலைக்கு அழைத்து வந்தார். இரு கால்களும் வீங்கியிருந்தன. சிறுநீரகங்கள் நெடுநாளாகப் பழுதடைந்து வந்திருப்பதை இரத்தப் பரிசோதனை காட்டியது. என்ன குளிசை பாவிக்கிறார் என்று வைத்தியர் கேட்டபோது, மகள் ஒரு பொலித்தீன் பையை மேசையில் வைத்தார். அதற்குள் 12 சிறிய கடதாசி உறைகள் இருந்தன. ஒன்றிலேனும் மருந்தின் பெயர் இல்லை. காலை ஒன்று, இரவு ஒன்று என்பதற்கான கோடுகள் மட்டுமே இருந்தன.

இனங்காணும் பொறுப்பு என்னிடம் வந்தது. நிறம், வடிவம், குளிசையில் பொறித்த எழுத்து ஆகியவற்றைக் கொண்டு ஒரு மணி நேரம் முயன்றும் நான்கு உறைகளைத்தான் உறுதிப்படுத்த முடிந்தது. அவற்றுள் ஒன்று டைக்குளோபினாக், இன்னொன்று பிரட்னிசலோன். முதலாவது, ஏற்கனவே பலவீனப்பட்ட சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும் வலி நிவாரணி. இரண்டாவது, நீண்ட காலம் எடுத்துவிட்டால் திடீரென நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்தாகக்கூடிய ஸ்டீரொயிட். “நல்லாக் கேக்கிற குளிசை தம்பி, இரவு ரெண்டு போட்டால் விடிய வயலுக்கு இறங்கலாம்” என்றார் ஐயா. காரணம் திட்டவட்டமாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று என்பதை அறிந்தவர்களுக்கு, இந்த ஒரு வாக்கியத்தின் பாரம் விளங்கும்.

அந்தக் குளிசைகளை அவர் வாங்கியது அனுமதியற்ற இடத்தில் அன்று. அந்த மருந்தகத்திற்கு அனுமதிப்பத்திரம் இருந்தது. சுவரில் பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவரின் சான்றிதழும் சட்டமிடப்பட்டுத் தொங்கியது. அந்தப் பெயருக்குரியவர் வேறு மாவட்டத்தில் வசித்தார். மேசையில் நின்று மருந்து கொடுத்தவர் மருந்தியல் படித்திராத ஓர் இளம் பிள்ளை.

சட்டம் இல்லாததால் இது நடக்கவில்லை. மருந்தாளர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற வேண்டும் என்பதற்கு 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் அடிப்படையாக இருக்கிறது. மருந்து விற்கும் இடம் அனுமதிப்பத்திரம் பெற்று, பதிவுபெற்ற மருந்தாளரின் மேற்பார்வையில் இயங்க வேண்டும் என்பதை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் கவனித்துக்கொள்கிறது. தனியார் வைத்தியசாலைகளுக்கும் சிகிச்சை நிலையங்களுக்கும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமும், சித்த, ஆயுர்வேத வைத்தியர்களுக்கு 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டமும் உள்ளன. இவை யாவும் அனுமதி பெறத் தகுதியானவர்கள் போதியளவில் ஊரில் இருக்கிறார்கள் என்ற எண்ணத்திலேயே எழுதப்பட்டவை என்பதுதான் என் கவலை. வன்னியில் அந்த எண்ணம் பொய்த்துப் போகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பட்டம் பெற்று வெளிவருகிறவர்களுள் ஒட்டுசுட்டானிலோ மல்லாவியிலோ ஒரு தனியார் மருந்தகத்தில் நாள் முழுவதும் நிற்க வருபவரைக் காண்பது அரிது. ஆகவே கடைக்காரர் சான்றிதழை மட்டும் வாடகைக்கு எடுக்கிறார். சட்டம் கேட்டது ஆளை, கிடைத்தது கடதாசி.

இதைச் சொல்லும்போது, மேசையில் நிற்கும் பிள்ளைகளைப் போலிகள் என்று அழைக்க எனக்கு நா எழவில்லை. போர்க்காலத்தில் வன்னியின் வைத்தியசாலைகளைத் தாங்கியவர்களுள் மருத்துவப் பட்டம் இன்றிப் பயிற்சியால் தகுதி பெற்ற உதவி வைத்தியர்களும், பதிவுபெற்ற வைத்தியர்களும், செய்து பழகிக் கற்ற மருந்து கலப்போரும் இருந்தார்கள். மருந்துத் தட்டுப்பாட்டின் நடுவே அவர்கள் காப்பாற்றிய உயிர்கள் இன்றும் எங்களோடு நடமாடுகின்றன. அந்தக் காலத்தில் கற்ற சிலரிடம் கற்றவர்களே இன்று பல கடைகளில் நிற்கிறார்கள். அவர்களை வெளியேற்றும் சட்டம் எனக்கு வேண்டாம். குறித்த ஆண்டுகள் பயிற்சி பெற்று, பரீட்சைக்குத் தோற்றி, மருந்தாளர் உதவியாளராகப் பதிவுபெறும் வழியொன்று, தமிழ்மொழி மூலம், வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ திறக்கப்பட வேண்டும் என்று கேட்கிறேன்.

அமெரிக்காவில் வைத்தியருக்கும் தாதியருக்கும் மருந்தாளருக்கும் அனுமதி வழங்குவது ஒவ்வொரு மாநிலத்தின் பொறுப்பு. ஆதலால் அனுமதி விதிகளை மாற்றும் சட்டமூலங்கள் மாநிலச் சட்டமன்றங்களுக்கு அடிக்கடி வருகின்றன. சனச்செறிவு மிகக் குறைந்த நோர்த் டகோட்டா மாநிலம், ஊர்ப்புற மருந்தகங்கள் மூடப்பட்டு வந்த வேளையில், 2001இல் ஒரு விதியை ஏற்படுத்தியது. பதிவுபெற்ற உதவியாளர் கடையில் மருந்தை எடுத்துவைக்க, தொலைவிலுள்ள மருந்தாளர் காணொளி வழியே அதைச் சரிபார்த்து, நோயாளியுடனும் பேசிய பின்னரே மருந்து கைமாறும். எமது மின்சாரத்தையும் இணையத்தையும் நம்பி அதை அப்படியே இங்கு கொண்டுவரலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் ஆளில்லாத ஊருக்கு வேறு விதி தேவை என்பதை ஒளிக்காமல் ஏற்றுக்கொண்டு, அதை விதியாகவே எழுதிய நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்களிடம் அத்தகைய விவாதம் நடக்கும் இடமே வெறுமையாக இருக்கிறது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி மாகாண சபைக்குச் சுகாதாரத்தில் அதிகாரம் உண்டு. ஆனால் 2013இல் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின் தேர்தல் நடைபெறவில்லை. மருந்து அனுமதியும் தொழில்சார் பதிவும் எப்படியும் கொழும்பில்தான் தீர்மானிக்கப்படுகின்றன. எனவே வன்னித் தேர்தல் மாவட்டத்தின் 6 உறுப்பினர்களிடமும், கிளிநொச்சி சேர்ந்துள்ள யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் உறுப்பினர்களிடமும்தான் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது: சுகாதாரச் சட்டமூலம் எதுவும் வரும்போது, உணவு மருந்துப் பரிசோதகர்களின் எண்ணிக்கையையும் ஊர்ப்புறத்தில் நிற்கும் மருந்தாளருக்கான ஊக்கக் கொடுப்பனவையும் அதனோடு சேர்த்தே பேசுங்கள்.

அதுவரை நோயாளிகள் செய்யக்கூடியது சிறிது, ஆனால் பயனுள்ளது. மருந்தகத்திலோ தனியார் டிஸ்பென்சரியிலோ உறையை வாங்கும்போது, மருந்தின் பெயரையும் அளவையும் எழுதித் தரும்படி கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருந்தாளர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். குளிசை அட்டையை வெட்டித் தந்தால் பெயருள்ள துண்டை எறியாமல் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். நோவுக் குளிசை தொடர்ந்து எடுப்பவராக இருந்தால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கிளினிக்கிலோ அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்த ஐயா இப்போது மாதந்தோறும் சிறுநீரகக் கிளினிக்குக்கு வருகிறார். அவருடைய 12 உறைகளில் நான் இனங்காணாத 8 உறைகளும் இன்னமும் என் மேசை லாச்சியில் இருக்கின்றன.